ஐந்தாம் குழி

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் ஐந்துதான். எட்டுக் குழி அச்சு, மூடித் திறக்கிற ஒவ்வொரு ஷாட்டுக்கும் எட்டு வால்வு. ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் குழி எண். ஐந்து என்று போட்டது மட்டும் தேறவே தேறாது.

பச்சைக்குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அமுக்கி ஊதிவிடுகிற பை இருக்கிறதே, அதன் வாயில் உட்காருகிற வால்வு. சட்டைப் பொத்தான் அளவு, மெத்தென்று இருக்கும், நடுவே வாத்து மூக்கு மாதிரி இரண்டு உதடு. ஐந்தாம் குழி தேய்ந்துபோனதால் அந்த உதடுகள் நடுவே வெங்காயத் தோல் போல ஒரு பிசிறு. ஒட்டிக்கொண்டு திறக்காது. திறக்காவிட்டால் காற்று உள்ளே போகாது. இது என்ன பெரிய விஞ்ஞானமா?

மிஷின் ஓட்டுகிற தீனா போன மாதமே சொன்னான்: “அந்தக் குழிய அடச்சிட்டு ஏழா ஓட்டலாம் சார்.” மேனேஜர் ஜானகிராமன் கேட்கவில்லை. “ஏழு ஓட்டவா எட்டு வாங்கி வெச்சிருக்கு? சுஷ்மிதா எதுக்கு கீது, பொறுக்கிப் போடட்டும்.”

பொறுக்கிப் போடுகிறேன். லென்ஸை வைத்துப் பார்த்து, ஐந்தையெல்லாம் சிவப்புத் தட்டில். தட்டுக்கு ஒரு டேக், ‘கழிவு’ என்று எழுதி, எண்ணிக்கை போட்டு, என் கையெழுத்தோடு.

ஜூலை 2

சோற்றுப் பருக்கையிலும் எண் தேடுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

நாளை ஆடிட். வால்வு வாங்கும் கம்பெனியிலிருந்து காசிநாதன் என்று ஒருவர் வருகிறார். அதற்கு இன்று நடந்த கூத்து இருக்கிறதே! எல்லாருக்கும் புதுத் தொப்பி, புதுச் செருப்பு. மிஷின் மேல் வருஷக்கணக்காய்க் கிடந்த பல்லி எச்சத்தை இன்றுதான் துடைத்தார்கள். இதற்குப் பெயர் சுத்தமான அறையாம்.

“சிவப்பு அவர் கண்ணுலயே படக்கூடாது” என்றார் ஜானகிராமன். கழிவு வால்வை எல்லாம் நல்ல மால் வைக்கிற நீலத் தட்டில் கொட்டச் சொன்னார். டேக்கைக் கழற்றச் சொன்னார். “லேடீஸ் டாய்லெட்ல வெச்சிடு. அங்க எந்த ஆடிட்டரும் வரமாட்டான்.”

வைத்தேன். நானேதான். இரண்டு தட்டு, எண்ணூற்று அறுபது வால்வு, ஈரத் தரையில் பிளாஸ்டிக் மக்குக்குப் பக்கத்தில். என் கையெழுத்துப் போட்ட இரண்டு டேக்கும் என் பைக்குள்.

ஜூலை 4

“நீட்டா வெச்சிருக்கீங்க” என்று காசிநாதன் பாராட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தூ.

ஜூலை 5

லீவு. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறா?

ஜூலை 7, திங்கள்

டாய்லெட்டில் தட்டு இல்லை.

கூட்டிப் பெருக்கும் ஜெகதாம்பாள் அக்காவிடம் ஓடினேன். “நல்ல மால் இங்க இன்னாத்துக்கு கீதுன்னு சனிக்கெழம காலையில நான்தான் பேக்கிங்ல கொண்டுபோய் வெச்சேன். ஏம்மா?” என்றாள். அவளை என்ன சொல்ல? நீலத் தட்டு என்றால் நல்ல மால் என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். பேக்கிங்கில் மற்றதோடு கொட்டிக் கலந்துவிட்டார்கள். சனி மாலையே லாரி போய்விட்டது.

ஜானகிராமனிடம் சொன்னபோது பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். “அவ்ளோ மால்ல இது எந்த மூலைக்கு? அங்க டெஸ்ட் பண்ணிப்பாங்க. வாய மூடிகினு வேலையப் பாரு.” எண்ணெய்க் கையை என் ரிஜிஸ்டரில் ஒரு தாளைக் கிழித்துத் துடைத்தார்.

அந்த ஆளைப் பார்த்தாலே குமட்டுது. டேக்கைக் கழட்டுன என் கையப் பார்த்தாலும்தான். ஏன்டி கழட்டுன? வேலை போயிடும்னுதானே?

ஜூலை 8

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தினமும் குப்பத்திலிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் போய்த் தெருவில் மீன் விற்கிறவள். கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாலே பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள்.

“மீனு கெட்டா நாறும். உங்க மால் நாறாதா?”

“நாறாதும்மா.”

“அப்ப எப்டி கண்டுபுடிப்பாங்க?”

ஜூலை 9

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து காசிநாதனுக்கு போன் செய்தேன். பெயர், லாட் நம்பர், ஐந்தாம் குழி, எண்ணூற்று அறுபது, டாய்லெட். எல்லாம் சொன்னேன். “டேக் இருக்காம்மா?” என்றார். படம் எடுத்து அனுப்பினேன்.

ஜூலை 14, திங்கள்

நாற்பத்தோரு பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. “சோறு போட்ட எடத்துக்கே வேட்டு வெச்சிட்டியே!” என்று எல்லார் முன்னாலும் ஜானகிராமன் கத்தினார். உடனே வெளியே அனுப்பியிருப்பார். ஆனால் பொறுக்கி முடித்து நான்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று காசிநாதன் எழுதிவிட்டார்.

யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. தீனா மட்டும் ஷிப்ட் முடிந்தும் இன்னொரு லென்ஸோடு வந்தான். “நவுரு, பாதிய இங்க தள்ளு.”

ஜூலை 19, சனி

எண்ணூற்று ஐம்பத்தேழு.

மூன்று முறை எண்ணினோம். மூன்று இல்லை.

ஜூலை 21

ஒரு பெட்டி அங்கே பிரிக்கப்பட்டிருந்ததாம். அந்த மூன்றும் பையில் பொருத்தப்பட்டு வெளியே போயிருக்கலாம், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார் காசிநாதன்.

ஜானகிராமன் ரிப்போர்ட் கொண்டுவந்தார். ‘860 கிடைத்தது, அழிக்கப்பட்டது’ என்று டைப் செய்து தயாராக. குரல் தேனாய் இருந்தது. “மூணுதானேம்மா. போட்டுடு. நீயும் இங்கயே இருந்துக்கலாம்.”

860-ஐ அடித்துவிட்டு 857 என்று எழுதினேன். பக்கத்தில் ‘3 கிடைக்கவில்லை’. அதன் கீழே கையெழுத்து.

ஆகஸ்ட் 2, சனி

நேற்றோடு என் வேலை முடிந்தது. கிளம்பும்போது தீனா கூப்பிட்டுக் காட்டினான். ஐந்தாம் குழியை அடைத்தாகிவிட்டது. அச்சு திறந்தது, ஏழு விழுந்தது.

அந்த மூன்றைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை.

இன்று அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒருத்தி, மடியில் பிறந்து மாதம்கூட ஆகாத குழந்தை. நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் வரும்வரை அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.