கரி மாத்திரை

என் வயிற்றின் மேல் இத்தனை அக்கறை கொண்ட கணவருக்கு,

மனநோய் மாத்திரை போட்டதும் எனக்கு வயிறு உப்பும். உடனே உங்கள் மருந்துக்கடையிலிருந்து கரி மாத்திரை கொண்டுவந்து, “முழுங்கு, காத்து எறங்கிடும்” என்பீர்கள். சுராபாயாவில் யார் வீட்டில்தான் அது இல்லை? நானும் இரண்டு வருடம் விழுங்கினேன். இரண்டு வருடமும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ்தான் கேட்டாள், இதோடு வேறென்ன போடுகிறேன் என்று. சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். “கரி உங்க மருந்தையே உறிஞ்சிடும்க்கா, உடம்புக்கு என்ன மிஞ்சும்? கடை வச்சிருக்கவருக்கு இதுகூடவா தெரியாது?”

தெரியும். மனைவிக்குத் தீராத நோய் என்று காட்டினால் இந்தோனேசியாவில் இரண்டாம் கல்யாணத்துக்குக் கோர்ட்டு அனுமதி தரும் என்பதும் தெரியும்.

மூன்று மாதமாக நான் கரியை விழுங்கவில்லை. நீங்கள் தந்ததையெல்லாம் டப்பாவில் சேர்த்தேன். இந்த மூன்று மாதமும் சுவரோடு பேசியது உங்களுக்காக நடித்தது.

நேற்று அந்த டப்பாவோடு, நீங்கள் கட்டிக்கொள்ளப்போகும் லாரஸ்திதியைப் பார்த்து எல்லாம் சொன்னேன். டப்பாவைத் திறந்து பார்த்தாள். “எனக்கும் வயிறு உப்பும்க்கா. நல்லவேளை, அவர்கிட்ட இன்னும் சொல்லல.”

செவ்வாய்க்கிழமை, உங்கள் இரண்டாம் கல்யாண மனுவின் விசாரணைக்கு அவளும் என்னோடு வருகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் தீராத நோய்