செருப்பு போட்டுக்கொண்டு செய்த விளக்கு

4ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் 'ம்', 'சரி', 'வெச்சிடறேன்' என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். "நம்ம குடும்பத்துலயே முதல்ல பட்டம் வாங்கினவ, பட்டத்தோட வாயையும் அங்கேயே குடுத்துட்டு வந்துட்டா போல" என்று உன் மாமா கேலி செய்கிறார். கடிதத்தில்தான் நீ வாயைத் திறப்பாய். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே பெரியவளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. சின்னவன் வாலுவுக்கு மூன்று வயது முடிந்தும் வால் மட்டும் குறையவில்லை. போன வாரம் என் தையல் மெஷினுக்குள் ஒரு பொத்தானைப் போட்டு அரை நாள் வேலையைக் கெடுத்தான். பள்ளிக்கூடச் சீருடைத் துணி வீடு முழுக்கக் குவிந்து கிடக்கிறது.

இதோடு ஒரு சின்னப் புத்தகம் வைத்திருக்கிறேன். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் குழந்தைகள் வகுப்பு எடுக்கும் டீச்சர் போட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் திருநாளை எளிமையாக எப்படிக் கொண்டாடலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதியிருக்கிறார். ஒருத்தி காகிதத்தில் புறா வெட்டச் சொல்லித் தருகிறாள். இன்னொருத்தி உப்பும் மாவும் பிசைந்து பூ செய்கிறாள். கடைசிப் பக்கத்தைப் பார். அது என்னுடையது. எட்டாவதோடு நின்றவள் எழுதியது அச்சில் வந்திருக்கிறது, சின்னு.

அம்மாவின் அமைதி விளக்கைத்தான் எழுதியிருக்கிறேன். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டிலேயே சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது, காலில் செருப்பைக் கழற்றாமல் இருப்பது, வாய் பேசாமல் கண்ணாடிப் புட்டி மேல் வண்ணக் காகிதம் ஒட்டுவது, உள்ளே மெழுகுவத்தி ஏற்றிக் காதோடு காதாகக் கடவுளுக்கு நன்றி சொல்வது, அம்மா முதலில் வெளியே போய்ப் பார்த்துக் கூப்பிட்ட பிறகே நாம் வருவது. ஒன்றையும் விடவில்லை. செருப்பு எதற்கு என்று டீச்சர் கேட்டார். கடவுள் கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு விஷயம். அப்பா இங்கே வந்துவிட்டார். குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்தோம். கம்பு ஊன்றி நடக்கிறார். குடிப்பதில்லை, குடிக்க உடம்பு இடம் கொடுப்பதுமில்லை. திருநாள் காலையில் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இந்த விளக்கைச் செய்யப்போகிறார்கள். முதல் விளக்கை வீட்டுக்குப் பெரியவர் என்று அப்பா கையால் ஏற்றலாம் என்றார் டீச்சர். நானும் சரி என்றேன்.

நீ கட்டாயம் வர வேண்டும். லீவு இல்லை என்று கதை விடாதே.

உன் அக்கா

9ஆம் தேதி, வெள்ளி

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அது உண்மையாக இருக்கும்போது எழுதுகிறேன்.

புத்தகம் வந்தது. விடுதியில் என்னோடு அறையில் இருக்கும் நர்ஸ் அதைப் புரட்டிவிட்டு, "கடைசிப் பக்கம்தான் ரொம்ப அழகா இருக்கு, எங்க அண்ணன் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றாள். அதை எழுதியது என் அக்கா என்று நான் சொல்லவில்லை. மறுநாள் வேலையில், சோதனைக்கு வந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றின் மூடியைத் திருகியபடியே நின்றிருக்கிறேன். புட்டியின் கழுத்து உடைந்து போய்விட்டது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் என்னை அதிராமல் நடப்பவள் என்பார்கள். அன்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செருப்பு எதற்கு என்று உனக்குத் தெரியாதா? அறை ஜன்னல் வழியாகக் குதித்துப் பின்சந்தில் ஓட வேண்டி வந்தால் காலில் கண்ணாடி ஏறாமல் இருக்க. அந்தக் கண்ணாடியை உடைத்தவர் யார் என்று உன் டீச்சருக்குச் சொன்னாயா? திருநாளுக்கு முந்தின நாள் ஆலையில் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். அவர் நேராகச் சாராயக் கடைக்குப் போவார். அதனால்தான் அந்தச் சாயங்காலம். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது அந்த ஓர் அறைக்குத்தான், அதனால்தான் அந்த அறை. நாம் இருப்பது வெளியே கேட்கக் கூடாது, அதனால்தான் அமைதி. கைக்கு வேலை கொடுத்தால் குழந்தைகள் அழாது என்று அம்மா கண்டுபிடித்ததுதான் உன் வண்ணக் காகிதம்.

அம்மா ஏன் முதலில் வெளியே போனாள்? அவர் தூங்கிவிட்டாரா என்று பார்க்க. தூங்காமல் இருந்தால் அடி அவளோடு நின்றுவிட. சில வருடம் அவள் நம்மைக் கூப்பிட ரொம்ப நேரமாகும். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை எந்தப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறாய்?

இப்போது ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் காலில் செருப்போடு, கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு விடாமல் உட்காரப்போகிறார்கள், பக்தி என்று நினைத்து. அதை ஏற்றி வைக்க அவரையே கூப்பிட்டிருக்கிறாய். நரியைக் கூப்பிட்டுக் கோழிக் கூண்டுக்குத் திறப்பு விழா நடத்துவது மாதிரி.

நான் வரவில்லை.

சின்னு

13ஆம் தேதி, செவ்வாய்

சின்னுவுக்கு,

உன் கடிதத்தை மாமா இல்லாத நேரம் பார்த்துப் படித்தேன். படித்து முடித்து ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா? அந்த அறையில் உன்னை மடியில் வைத்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள் யார்? நீ அப்போது பசையை நக்கிப் பார்க்கிற வயசு. நீ காதால் கேட்டு வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். மூத்தவளாகப் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த சீதனம் அது.

டீச்சர் வந்து உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரி 'எங்க அம்மா இப்படிச் செய்வாங்க' என்று பெருமையாகச் சொன்னாள். அடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது, அடிதான் உண்டு என்றா? பெரியவள் பக்கத்தில் நிற்கிறாள், 'நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது திருநாளுக்கு என்னம்மா செய்வீங்க?' என்று என் வாயையே பார்த்துக்கொண்டு. அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு புடவைகூட மிஞ்சவில்லை. அந்த விளக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அதில் இருந்த பயத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அது தப்பா?

அவரை வேறு யார் வைத்துக்கொள்வது? சித்தப்பா வீட்டில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நீ விடுதியில் இருக்கிறாய். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, மேலே ஒரு மின்விசிறி, கோபப்பட வசதியான இடம். இங்கே கோபம் வந்தாலும் கஞ்சியை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். ஈரப் படுக்கையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

டீச்சரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. இனி எப்படி மாற்றுவது?

அக்கா

16ஆம் தேதி, வெள்ளி

அக்கா,

நீ செய்த தப்பு விளக்கு இல்லை. அதை வைத்துக்கொள். உன் பிள்ளைகளுக்குக் கொடு. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அம்மா இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பாள். விடுதியைப் பற்றி நீ எழுதியதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அவர் கையில் தீப்பெட்டியைக் கொடுக்காதே.

அந்த வீட்டில் அவர் கை படாத பொருள் இல்லை. சமையலறையில் பானை, என் புத்தகப் பை, அம்மாவின் கூந்தல். அந்த அறைக்குள் மட்டும் அவர் வந்ததில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் அம்மா நமக்கு ஒரு திருநாளைச் செய்து கொடுத்தாள், சத்தமே இல்லாமல். அவளுக்கென்று இருந்தது அந்த நாலு சுவர்தான். அதற்குள்ளும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் உட்கார வைத்துக் கை தட்டப்போகிறாய்.

சாப்பாடு போடு, மருந்து கொடு, எல்லாம் செய். அதையெல்லாம் நான் தடுக்க முடியாது. ஆனால் அவர் ஏற்றுகிற விளக்குக்கு அம்மா பேர் வைக்காதே.

ஏற்ற மாட்டார் என்று ஒரு வார்த்தை எழுது. அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

சின்னு

24ஆம் தேதி, சனி

சின்னுவுக்கு,

நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. வீம்புதான். நீ வரவில்லை. உன்னுடையதும் வீம்புதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் நாங்கள் உட்கார்ந்தோம், துணி அடுக்கி வைக்கும் அறையில். நான், பெரியவள், வாலு. பெரியவள் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி நடக்க வேண்டும் என்று தாழ்ப்பாளைத் தானே போட்டாள். வாலுவுக்கு ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் மாமாவின் செருப்பு. சிரித்துக்கொண்டேதான் பசையைக் குழைத்தேன்.

அப்போது அப்பா வந்து கதவைத் தட்டினார். கம்பால் தட்டினார். "உள்ள யாரு, கதவைத் தொற" என்றார். சத்தமாகக்கூட இல்லை. தனியாக உட்கார்ந்து சலித்துப்போய் வந்திருப்பார்.

என் கை தானாகப் போய் வாலுவின் வாயைப் பொத்திவிட்டது. இன்னொரு கையால் மெழுகுவத்தியை அணைத்துவிட்டேன். நான் நினைத்துச் செய்யவில்லை, சின்னு. இருட்டில் பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தாதானேம்மா? ஏம்மா தொறக்கல?" குழந்தை மூச்சுக்குத் திணறுவது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பயத்தை எடுத்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. எங்கே எடுத்தேன். அப்படியே மடித்து என் கைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். வாலு வீறிட்டு அழுகிறான், மாமா ஓடி வந்து தூக்கிக்கொண்டார். எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொன்னேன்: "நாளைக்கு நீங்க விளக்கு ஏத்த வேணாம்பா. இந்த அறைக்குள்ளயும் வர வேணாம். நீங்க வரக் கூடாதுன்னுதான் அம்மா இதைச் செஞ்சா."

"பண்டிகை நாளும் அதுவுமா பழசை ஏன் கிளறுற? எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல" என்றார் அவர். பிறகு சாப்பாடு எப்போது என்று கேட்டார். அவ்வளவுதான். இத்தனை வருடம் நமக்குள் கிடந்ததற்கு அவரிடம் இருந்த பதில் அதுதான்.

காலையில் கூடத்துக்கு நான் போய் டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். செருப்புக்கும் உண்மையான காரணத்தைச் சொன்னேன். அவர் பிள்ளைகளுக்கு விளக்குக்குப் பதிலாகக் காகிதப் புறா வெட்டக் கொடுத்தார். கதவை யாரும் சாத்தவில்லை.

நீ சொன்னது சரிதான். அதற்காகவே உன் மேல் ஆத்திரமாக வருகிறது. எனக்கு அம்மாவாகத் தெரிந்த விளக்கை நினைத்தால் இப்போது தாழ்ப்பாள் போட்ட அந்த அறைக் கதவுதான் தெரிகிறது. அடுத்த வருடம் பெரியவள் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நீ நினைத்ததைச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துகொண்டாய். நான் சொல்லிவிட்டு அதே வீட்டில் அதே ஆளுக்குத் தட்டு வைக்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தட்டைத் தள்ளிவிடுகிறார். மாமா இரண்டு வாரம் வெளியூர் வேலைக்குப் போகிறார். வாலு என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறான்.

கோபத்தில் உன் பங்கை எடுத்துக்கொண்டாய். மற்றதில் உன் பங்கு இங்கே கிடக்கிறது. வா என்று நான் கெஞ்சப்போவதில்லை.

அக்கா

27ஆம் தேதி, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

மேலதிகாரியின் அறைக்குப் போய் இரண்டு வாரம் லீவு வேண்டும் என்று கேட்டேன். அவர் அறைக்குள் நானாகப் போவது இதுதான் முதல் தடவை. என்ன காரணம் என்றார். அக்காவுக்கு முடியவில்லை என்றேன். பொய் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவேன். நான் வந்ததும் நீ வாலுவைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது வெளியே போ. பூங்காவுக்குப் போ, கடைத்தெருவுக்குப் போ. அவனாக உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்வரை திரும்பி வராதே. பெரியவளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் எவ்வளவு சொல்வது, எதைச் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். சண்டை வந்தாலும் பரவாயில்லை, நேரில் வரட்டும்.

அவருக்குக் கஞ்சி கொடுப்பேன், படுக்கை மாற்றுவேன். தட்டைத் தள்ளினால் எடுத்து வைத்துவிட்டு மறுபடி பசிக்கும்போது கொடுப்பேன். உனக்காக இதைச் செய்கிறேன், மகளாக இல்லை. அவரோடு பேச்சு கிடையாது. அவரை மன்னிக்கச் சொல்லி நீயும் கேட்கக் கூடாது, உன் டீச்சரும் கேட்கக் கூடாது.

எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மட்டும் சொல்லிவிடு. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

உன் சின்னு