தட்டிப் பார்க்காமல் பறித்த பழம்

இன்று காலை தருமபுரி பஸ் ஸ்டாண்டு வாசலில் தர்பூசணி வண்டிக்காரர் ஒவ்வொரு பழமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது அறுபதுகளின் கடைசியில். மொரப்பூர் ரயிலடியிலிருந்து இரண்டு மைல் வண்டியில் வந்தோம். என் புருஷனின் தங்கை நீ. உனக்கும் எனக்கும் ஒரே வயது, இருந்தாலும் 'அண்ணி, வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவாய். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் உனக்குக் காது போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாய்.

வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய மணல் நிலத்தில் அந்த வருஷம் நாம் இருவரும் தர்பூசணி போட்டோம். பங்குனியில் காய்கள் பானை அளவுக்குப் பெருத்துவிட்டன. எங்கள் ஊரில் தட்டிப் பார்த்துப் பறிப்பார்கள். அப்படியே நானும் நான்கு காய்களைப் பறித்து வந்தேன். நான்கும் உள்ளே வெள்ளை. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பறித்த பிறகு வைத்துப் பழுக்கவைக்க அது மாங்காயா என்ன?

நீ என் கையைப் பிடித்துக் கொடிக்கு இழுத்துப்போனாய். காயின் காம்பை ஒட்டிக் கம்பிபோல் முளைத்திருக்கும் சுருளைத் தொட்டுக் காட்டினாய். "இது பச்சையா இருந்தா இன்னும் பால் குடிக்குதுன்னு அர்த்தம் அண்ணி. காஞ்சு போச்சுன்னா போதும்." பிறகு காயை மெல்லப் புரட்டினாய். மண்ணில் படுத்திருந்த வயிறு வெண்ணெய் மாதிரி மஞ்சளித்திருந்தது. மேல்தோலின் பளபளப்பும் மங்கியிருந்தது. ஊரே காதால் தேடிய ஒன்றை நீ கண்ணால் கண்டுபிடித்து வைத்திருந்தாய். அந்தக் கோடையில் நீ பறித்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் சித்திரையில் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ரயிலில் வந்து இறங்கிய அந்தக் குடும்பத்துக்கு உன் காது விஷயம் தெரியாது. முந்தின நாளே அத்தை என்னிடம் சொல்லிவிட்டார். "நீ அவ பின்னாலயே நில்லு. ஏதாச்சும் கேட்டா முதுகுல ஒருதரம் தொடு, தலையாட்டட்டும். ரெண்டுதரம் தொட்டா தலையக் குனிஞ்சுக்கட்டும். கூச்சம்னு நெனச்சுக்குவாங்க." நான் மறுத்துப் பேசவில்லை. நாம் இருவரும் அதைப் பழகிக்கூடப் பார்த்தோம்.

வீட்டுக்குள் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பிறகு, தோட்டத்தையும் பார்த்துவிடலாமே என்று எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெரிய காய் ஒன்றைக் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இத அறுத்துக் குடும்மா" என்றார். உன் முதுகு அவருக்கு நேராக இருந்தது. அவர் இரண்டாம் முறையும் சொன்னார். நான் பதறிப்போய் உன் முதுகில் இரண்டு முறை தொட்டேன்.

நீ தலை குனியவில்லை, திரும்பினாய். உன் அண்ணன் கத்தியோடு அந்தக் காயின் பக்கம் போவதைப் பார்த்தாய்.

"அத அறுக்காதீங்கண்ணா, சுருளு பச்சையா இருக்குது" என்றாய். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, "எனக்குக் காது கேக்காதுங்க. எதிர்ல நின்னு சொன்னாப் புரியும். அண்ணி தொட்டதாலதான் திரும்பினேன்" என்றாய்.

நீ நான்கு கொடி தாண்டிப் போய் ஒரு பழத்தைப் பறித்து வந்து நீயே அறுத்துக் கொடுத்தாய். தோல்வரைக்கும் சிவப்பு. அவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள், வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அத்தை ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. உன்னோடு பேசாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாலே போதும், அந்த வீட்டில் அதற்குமேல் ஒரு தண்டனை கிடையாது. எனக்கும் கோபம்தான். என்னையும் பொய்க்காரியாக்கிக் காட்டிவிட்டாயே என்று கிணற்றடியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு நாழி சும்மா இருந்திருந்தா என்ன?"

நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாய். "அந்த வூட்டுக்குப் போனப்புறம் என் முதுக யாரு தொடுவாங்க அண்ணி?"

நான் உன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வத்தல்மலை அடிவாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அத்தைக்குத் தெரியாமல் நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரியிலேயே உன் காதைப் பற்றி எழுதினேன். உன் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னத் தொலச்சிடும்" என்றார். பிறகு அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார். பத்து நாள் ஒவ்வொரு தபாலுக்கும் பயந்தேன். பதில் வரவில்லை, மாப்பிள்ளையே வந்தார். போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி உனக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் கொஞ்சம் வேகமாப் பேசுவன். புரியலன்னா சொல்லு" என்றார். நீ சிரித்ததைப் பார்த்து அத்தை உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு வாழ்ந்தாய், மூன்று பிள்ளைகளை வளர்த்தாய். சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாயாமே, அவர் சொல்லிச் சிரிப்பார்.

போன தை மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். கட்டிலில் கண் மூடிக் கிடந்தாய். நெடுநாளாக உன்னிடம் சொல்ல நினைத்து, அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்ட ஒன்று என்னிடம் இருந்தது. அன்று உன்னை மறைக்க ஒத்துக்கொண்டேனே, தப்பு என்மேல்தான், மன்னித்துக்கொள் என்று. சாயங்காலம்வரை உன் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்திருந்தேன். நீ கண் திறக்காமலே போய்விட்டாய்.

சொல்ல வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.