ஒன்பதாம் இலக்கத் தாள்

மார்ச் 4, செவ்வாய்

சுவிஸின் பேர்ண் நகரில் இந்த அலுவலகத்தில் சேர்ந்து ஆறாவது வாரம். இரண்டு நாடுகளின் போரை நிறுத்த, அவற்றில் ஒன்றை இணங்க வைக்கக்கூடிய பிரித்தானியரும் மற்றதை இணங்க வைக்கக்கூடிய சீனரும் எங்கள் மேல்மாடியில் பேசுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இலக்கமிட்ட ஒப்பந்த வரைவுத் தாள்கள் பன்னிரண்டு. காலையில் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டுவது என் வேலை.

ஐந்து மணிக்கு அம்மா துப்புரவு வண்டியுடன் வந்தார். அந்நியரைப்போல் ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டோம். அவருடைய ஏற்பாடு. "அங்க என்னை அம்மா எண்டு கூப்பிடாதை. படிச்ச பிள்ளைக்கு மரியாதை குறைஞ்சிடும்." நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை?

மார்ச் 5, புதன்

பொறுப்பாளர் திருமதி எபி கோட்டைப் போட்டுக்கொண்டு, புறப்படும் அவசரத்தில் வாசலில் நின்றார். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணாமலே 12 என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஏழு மணிக்கு, புறநகர் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டில், அம்மா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். ஒன்பதாம் இலக்கம்.

"மேசையடியில, கதிரைக்குக் கீழ கிடந்தது. வேற ஆரும் கண்டால் உனக்கெல்லே பிரச்சினை. நாளைக்குச் சத்தமில்லாமல் வைச்சிடு."

"அந்த அறையிலயிருந்து ஒரு துண்டும் வெளியில வரக்கூடாது அம்மா."

"உனக்காகத்தானே கொண்டுவந்தனான்."

திருமதி எபிக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

நான் போகுமுன்பே பெட்டியைத் திறந்து எண்ணியிருக்கிறார்கள். பதினொன்று. அறை முழுவதும் தேடியாயிற்று. இரண்டு தரப்பும் மற்றவரே திருடியதாக நினைத்தார்கள். சீனக் குழுவின் தலைவர் கோப்பை மூடி, ஊர் திரும்ப விமான நிலையத்துக்குக் கார் கேட்டார்.

கழிப்பறையில் பத்து நிமிடம் நின்றேன். தாள் என் பையில். தரையில் கண்டெடுத்தேன் என்றால்? தேடிய இடம், நம்பமாட்டார்கள். நானே கொண்டுபோனேன் என்றால்? வெளியேறும்போது எங்கள் பைகளைச் சோதிக்கிறார்கள். துப்புரவுப் பெண்களின் பைகளை யாரும் பார்ப்பதில்லை. கடவுளே, என்னெண்டு சொல்லுறது —

உள்ளே போய் நீட்டினேன். எண்ணாமல் கையெழுத்திட்டதையும் சொன்னேன்.

"வெளியே கொண்டுபோனது யார்?" என்று கேட்டார் அந்தத் தலைவர்.

"மாலையில் இங்கே துப்புரவு செய்பவர். என் அம்மா."

திருமதி எபி திரும்பி என்னைப் பார்த்தார். யாரோ காரை வேண்டாம் என்றார்கள். மதியத்துக்குப் பிறகு புதுத் தாள்களோடு மறுபடி உட்கார்ந்தார்கள்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவுக்கு வேலை போய்விட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கடிதம் மட்டும்.

"படிச்சனி, வேற மாதிரிக் கதைச்சிருக்கலாம். என்னை ஏன் இழுத்தனி?"

மார்ச் 15, சனி

அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சோறு மட்டும் மூடி வைத்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

போர்நிறுத்தம் இன்று தொடங்கியது. செய்தியை அம்மா நின்றபடியே பார்த்தார். "எங்கட ஊரிலயும் கையெழுத்து வைச்சவைதான். எத்தினை நாள் நிண்டது?" என்றார், தொலைக்காட்சியிடம்.

ஏப்ரல் 2, புதன்

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை கிடைத்து இரண்டாம் நாள். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

இரண்டு தரிப்பிடங்கள் கடந்ததும், திரும்பாமலே கேட்டார்.

"அங்க திரும்பச் சுட்டவங்களோ?"

"இல்லை."

"இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"பதினாலு, அம்மா."

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.