நீல நூல் முடிச்சு

ஐப்பசி 3, திங்கள்
காலையில் தூறல். குடையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டேன். மிஷின் எண்ணெய் வாங்க வேண்டும், மறக்கக்கூடாது.

கல்கத்தாவிலிருந்து தந்தி. போன பேல் மூட்டையில் பனியன்கள் ஓட்டை, இனிச் சரக்கு அனுப்ப வேண்டாம். பனியன் கம்பெனியே நடுங்கிப்போனது. நான் மட்டும் மலை மாதிரி நின்றேன்.

முதலாளி என் அக்கா மகள் சரசுவைத்தான் கூப்பிட்டார். செக்கிங் அவள் பொறுப்பு. "சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியோணும். இல்லீன்னா நீ வர வேண்டாம்."

அவள் புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில். அவள் வேலையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. "மாமன் இருக்கறேன் கண்ணு" என்று நெஞ்சைத் தட்டினேன். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

4, செவ்வாய்
இங்கே மட்டும் எழுதுகிறேன். பேக்கிங் என் பொறுப்பு. சரசு லீவு போட்ட அன்று குண்டடம் கோயிலில் கெடாவெட்டு விருந்து. நாலு கெடா (சரி, ஒன்று). பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆறு டஜனைப் பார்க்காமலே பேலில் வைத்துக் கட்டினேன்.

6, வியாழன்
வெயில். கல்கத்தாக் கடிதம் வந்தது. முதலாளி சத்தமாகப் படித்தார். கட்டின் மேல் நீல நூல் முடிச்சு இருந்த டஜன்களில் ஒரு ஓட்டைகூட இல்லையாம். ஓட்டை எல்லாம் முடிச்சில்லாத ஆறு டஜனில். இனி நீல முடிச்சுச் சரக்கு மட்டும் போதும், மாதம் இரண்டு பேல்!

"யார் போட்ட முடிச்சு?"

"நானுங்க" என்றாள் சரசு. "பார்த்ததும் பார்க்காததும் கலந்துரக் கூடாதுங்களே."

யாரும் சொல்லாமல், வந்த நாள் முதல் போடுகிறாள். "பனியனுக்குத் தாலி கட்டறா" என்று கட்டிங் பெண்கள் சிரிப்பார்கள். நானும்தான்.

"அப்ப அந்த ஆறு டஜன்?"

சரசு என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "நான் அன்னைக்கு லீவுங்க."

"லீவு போட்டா ஆள் சொல்லிட்டுப் போறதில்லையா? சனிக்கிழமை பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

8, சனி
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதலில், அன்று கரண்ட் போச்சு, பாம்பு வந்துச்சு என்று ஆரம்பித்தேன். சரசு டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு நின்றாள், வேலையை விட்டுப் போகத் தயாராக.

"பாம்பு இல்லீங்க. கெடாவெட்டுக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. பார்க்காம நாந்தான் கட்டுனேன்" என்றேன்.

முதலாளி பேக்கிங் சாவிக்குக் கையை நீட்டினார். பிறகு, "கறி நல்லா இருந்துச்சா?"

பேக்கிங் சாவி போய்விட்டது. நான் இனி சரசுவுக்குக் கீழே.

10, திங்கள்
சரசு பக்கத்தில் உட்கார்ந்தேன். "பனியனுக்குள்ள கையை உட்டாப் போதாதுங்க மாமா. விரலை விரிங்க. ஓட்டை தானா சிரிக்கும்."

மாலை டீக்கடையில், கல்கத்தாக்காரருக்கு இன்று நானூறு முடிச்சு போட்டேன் என்றேன். உண்மையில் பதினேழு.

பதினேழாவது டஜனில் கடைசிப் பனியன். அதற்குள் விரலை விரித்தேனா? முடிச்சு போட்டது நினைவிருக்கிறது. விரித்தது நினைவில்லை. கம்பெனிச் சாவி முதலாளி வீட்டில். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, கட்டைப் பிரித்துப் பார்த்துவிடலாம். செருப்பு எங்கே