அவ கால் வைக்கிற இடம்

9.5.2005 திங்கள்
கத்திரி வெயில். காத்தே இல்ல. மிளகா வத்தல் அள்ளணும், அள்ளல.

செல்வியக் கூட்டிட்டு வர உச்சிப்புளிக்குக் கிளம்பி, தேரிருவேலியோட திரும்பியாச்சு. வண்டி கொதிச்சிருச்சு. ரேடியேட்டர் ஃபேன் சுத்தல. மூணு எடத்துல நிறுத்தி, தண்ணி ஊத்தி, ஊர்ந்து வந்தேன்.

மகளுக்கு ஒம்பதாம் மாசம், தலைப்பிரசவம். ஃபோன்ல சொன்னேன், வண்டி சரியில்ல தாயின்னு. அவ மாமியா வாங்கிப் பேசுச்சு. "வியாழன விட்டா வேற நல்ல நாளு இல்லண்ணே. தாயில்லாத வீட்டுல யாரு பாப்பா? இங்கனயே பெத்துக்கட்டும்."

சரின்னு வச்சுட்டேன். உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. எழுதுறேன், யாரு படிக்கப்போறா.

10.5.2005 செவ்வாய்
வெயில் அதே. பல்பொடி தீந்துபோச்சு.

முதுகுளத்தூர், சேது பட்டறை. வண்டி கரண்டு வேலைக்கு அவன்தான்.
ஃபேன நேரா பேட்டரியில குடுத்தா சுத்துது.
ஃப்யூஸ் நல்லாருக்கு.
ரேடியேட்டர் சுவிட்ச் மாத்தியாச்சு. அப்பவும் சுத்தல.

"நாளைக்கு ரிலேயப் பாப்போம்ணே. வண்டிய விட நீங்கதான் பழுதா தெரியிறீக. சாப்டீகளா?" சாப்ட்டேன்னேன். சாப்புடல.

டீக்கடைப் பேச்சு, என் முதுகுக்குப் பின்னால: "பொண்டாட்டி செத்து ஒன்றரை மாசம். ஒரு சொட்டு விட்டாரா பாரு. கல்லுளிமங்கன்." நெசந்தான். வரல. என்ன செய்ய.

சாயங்காலம் ஃபோன்ல செல்வி. "வாடகைக் கார் புடிச்சாவது வாங்கய்யா." நம்ம வண்டி ரெடியாயிரும்னேன். "நீங்க வருவீகளா மாட்டீகளா, அதச் சொல்லுங்க." லைன் சரியில்லன்னு வச்சுட்டேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு.

வந்து என்னத்தப் பண்ணுவா? பக்கத்து வீட்டு மதினி பாத்துக்கிறேங்குது. ஆனா வாசல்ல ஆரத்தி எடுக்க அவ அம்மா பஞ்சவர்ணம் இல்ல. அந்த வாசல்ல இவள எறக்கிவிட எனக்குத் தெம்பில்ல.

11.5.2005 புதன்
மேகம் போட்டுச்சு, பெய்யல.

ரிலே டக்குங்கல. சேது டெஸ்ட் பல்பு வச்சுப் பாத்தான். கரண்டு வருது, எர்த்து இல்ல. எர்த்துக்குப் போற கறுப்பு ஒயர் டேஷுக்குக் கீழ எறங்கி, முன்சீட்டு இடது பக்கத் தரையில போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கு. போன வருசம் ராமநாதபுரத்துல ரிலே வச்சவன் செஞ்ச வேலை.

மிதியடியத் தூக்குனான். போல்ட்டு பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடந்துச்சு. தகரம் பொரிப்பொரியா. கொஞ்சம் மணலும்.

சேது வெரல்ல தொட்டு நாக்குல வச்சான். "கடல் உப்பு! மீன் ஏத்துனீகளாண்ணே?"

இல்லன்னேன்.

பதினாறு முடிஞ்ச மறுநாள் ராமேஸ்வரம். சாம்பலக் கரைச்சு மூணு முங்கு. மச்சான் கோயில் கெணத்துக் குளியலுக்குப் போனான், நான் போகல. வேட்டிய மாத்திட்டு ஈரத்த எங்க போடுறதுன்னு பாத்தேன். முன்சீட்டு காலியா இருந்துச்சு. அவ கால் வைக்கிற இடத்துல போட்டேன். மச்சான் பின்னாலயே உக்காந்துக்கிட்டான். ஊருக்கு வந்தும் துணிய எடுக்கல. பத்து நாள் இருக்கும், நாத்தம் தாங்காம மதினிதான் எடுத்துத் துவச்சுது.

ஆடி அமாவாசைக்கு வருசாவருசம் கடலுக்குப் போறதுதான். கரையேறுறதுக்குள்ள யூரியாப் பைய வண்டி சீட்டுல விரிச்சு வச்சிருப்பா. "ஈரத்தோட ஏறாதீக, வண்டி வீணாப்போகும்." வண்டி வாங்குனதுலருந்து பதிமூணு வருசமா இதே பாட்டு. எனக்கு எரிச்சலா வரும். இந்தத் தடவ சொல்ல ஆளில்ல.

உப்புத்தாள் போட்டு நானே தேச்சேன். சேது கேட்டான், குடுக்கல. புது ஒயர், புது போல்ட்டு, மேல கிரீஸ். டக்குனுச்சு. ஃபேன் சுத்துச்சு.

இனி சொல்லச் சாக்கு இல்ல. காலையில வாரேன்னு செல்விக்குச் சொல்லிட்டேன்.

12.5.2005 வியாழன்
அஞ்சு மணிக்கே முழிப்பு. சைக்கிள் கொட்டாயில அந்த யூரியாப் பை இருந்துச்சு, நாலா மடிச்சபடி. அவ மடிச்சது. முன்சீட்டுல விரிச்சேன்.

உச்சிப்புளி 9.10. வண்டி சூடேறல. மாமியாகாரி உள்ள போயிருச்சு. செல்வி பெட்டியோட வாசல்லயே நின்னுச்சு, வயித்தத் தாங்கிக்கிட்டு. முகம் வீங்கியிருக்கு.

கதவத் திறந்து பாத்தா. "எதுக்குய்யா பை? நான் என்ன கடல்ல குளிச்சா வாரேன்?" அவளா சிரிச்சா. அவ அம்மா மாதிரியே ஒருக்களிச்சு உக்காந்து, கால அந்த எடத்துல நீட்டுனா.

ரா.புரம் வர்றதுக்கு முன்னால ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு. ரோடு தெரியல. ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதேன், வாய்விட்டு. லாரிக்காரன் ஆரன் அடிச்சுட்டுப் போறான். செல்வி முதுகுல கைய வச்சிருந்தா. இஞ்சின அணைக்கல.

கொஞ்ச நேரத்துல முன்னால ஒரு சத்தம். "அய்யா, என்னமோ சுத்துது."

"ஃபேன்தான் தாயி. சூடாச்சுல்ல, அதுவா ஓடும்."