பொட்டு வைத்த டர்பைன் சக்கரம்

மச்சான்,

போன வாரம் ஆயர் குரோவில் என் மானம் கப்பலேறியது. பாப்பா படிக்கும் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடப் பிள்ளைகளின் படைப்புகளைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவள் மேசையில் ஒரு பழைய டர்பைன் சக்கரம், வெள்ளைப் பொடி பூசி, ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று. ஆயுத பூசை முடிந்த புதிது வேறு. என்ன நினைத்தேனோ, விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நெற்றியிலும் இட்டுக்கொண்டேன்.

"ஐயோ அப்பா! அது டெஸ்ட் பண்ற சாயம்பா!"

பக்கத்து மேசைச் சீனப் பையன் டிஷ்யூ நீட்டினான். தேய்க்கத் தேய்க்க நெற்றி முழுக்கப் பரவியது. அந்த மண்ணெண்ணெய் மாதிரி வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

புலாவ் செபாங் செம்பனை எண்ணெய் ஆலையில், நீராவி தள்ள அந்தச் சக்கரம் சுழன்றால்தான் நமக்கு மின்சாரம். டர்பைன் அறைக்கு நீ தலை, நான் வால். அந்த வருடம் சோதனைக்காகச் சக்கரத்தை வெளியே எடுத்திருந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது. கழற்றி வைத்த எதற்கும் பொட்டு வைக்காமல் விடுவதில்லையே நாம். நீதான் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாய்.

மறுநாள் சோதிப்பவர் வந்தார். துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, மறுபடி துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக மேலே வரும். வந்தது. சரியாக நீ பொட்டு வைத்த இடத்தில், விரல் நீளத்துக்கு.

"அது குங்குமம்லா! இவன் அள்ளி அப்பினான்ல!" என்று ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. நானும்தான்.

நீ சிரிக்கவில்லை. "கழுவிட்டு இன்னொரு தடவை அடிங்க" என்றாய். இரண்டாவது தடவை அரிசி அளவுக்கு ஒரு கோடு. அதுதான் குழப்பம். விரிசல் என்றால் ஏன் சுருங்கியது? குங்குமம் என்றால் ஏன் போகவில்லை? சோதிப்பவரும் தாடையைச் சொறிந்தார். வாசலில் செம்பனைப் பழ லோரிகள் வரிசை கட்டி நிற்க, மேனேஜர் உன்னைப் பார்த்து, "போலே கா, தா போலே?" என்றார். முடியுமா முடியாதா, அவ்வளவுதான் கேள்வி.

"தா போலே" என்றாய்.

லோரிகள் வேறு ஆலைக்குத் திரும்பிப் போயின. புதுச் சக்கரம் வரும்வரை நாம் புல் வெட்டினோம். பழையதை அறுத்துப் பார்த்த பட்டறையில், பிளேடு சொருகும் பள்ளத்தின் மூலையில் விரிசல் இருந்தது நிஜம் என்றார்கள். ஓட்டியிருந்தால் வெடித்திருக்குமா என்று கேட்டதற்கு, "வெடிச்சிருக்கலாம், பல வருசம் ஓடியும் இருக்கலாம்" என்றார்கள். இது ஒரு பதிலா? நீ காப்பாற்றியது எங்களையா, வெறும் காற்றையா? நீ வேலையை விடும்வரை "பொட்டு வச்சவனே பயந்துட்டான்" என்று கேலி செய்தார்கள். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு போவாய்.

பாப்பாவிடம் இதைக் கேட்டேன். பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவனுக்குப் புரியும்படிதான் சொன்னாள். சக்கரம் ஒரே நாளில் விரிசல் விடுவதில்லையாம். ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறி, இழுபட்டுத் தளர்கிறதாம். பள்ளத்தின் மூலை கூராக இருந்தால் பாரமெல்லாம் அங்கே போய்ச் சேருமாம். அதனால் மூலையை உருட்டி வடிவமைப்பார்களாம்.

"அப்ப எந்தத் தடவைமா விரிசல் விட்டுச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. எல்லாத் தடவையும்தான்."

ஞாயிறுதோறும் டர்பைனை நிறுத்தி, 'அதுக்கும் ரெஸ்ட் வேணும்லா' என்று பெருமையடித்தோமே, ஓய்வு கொடுத்தே அதைக் களைப்பாக்கினோமா? நம்பகம் என்றால் உடையாது என்று அர்த்தமில்லை, உடைய எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு என்றாள். தலையை ஆட்டினேன். உள்ளே ஒன்றும் போகவில்லை. கல் மாதிரி இருந்த நீ, கிளினிக்கில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாயே, அது எந்தக் கணக்கு?

திரும்பும் வழியில் கிளேபாங்கில் தேங்காய் ஷேக் வாங்கிக்கொடுத்தேன். அவள் குடிக்காமல் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஆலை ஆலையாகப் போய் டர்பைன் சக்கரங்களைச் சோதிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஓட்டலாமா கூடாதா என்று இனி அவள் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டுமாம்.

"நான் ஓகேன்னு சொன்ன சக்கரம் வெடிச்சா என்னாப்பா பண்றது? நெனச்சாலே கை நடுங்குது. மாமாவுக்கெல்லாம் பயமே இருந்திருக்காதுல்ல?"

"உன் மாமாவா? சிங்கம்லா!" என்றேன்.

அன்று உன் 'தா போலே'வைக் கேட்டு மேனேஜர் போனதும் நீ பாய்லருக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். நான் கொடுத்த தேத்தண்ணி பாதி உன் காற்சட்டையில் கொட்டியது. "யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றாய். இத்தனை வருடம் சொல்லவில்லை. இவளிடம் சொல்லலாமா மச்சான்? சொன்னால் தைரியம் வருமா, இருக்கிறதும் போய்விடுமா? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்தது: "மாமாவுக்கும் நடுங்குச்சும்மா. நடுங்கிக்கிட்டேதான் சொன்னாரு."